பேர் வேறு, ஆள் வேறு

இலங்கையில் ஒருவருடைய நடத்தைக்கு அரசாங்கமே சான்றிதழ் தருகிறது. கிராம சேவகரிடம் போனால் வதிவிடமும் நற்சான்றும் சேர்ந்த ஒரு படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்துத் தருவார். ஆளைத் தனிப்பட்ட முறையில் தெரியுமா, தெரியுமென்றால் எவ்வளவு காலமாக, நீதிமன்றத்தில் எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டாரா, பொதுப்பணிகளில் ஈடுபாடு உண்டா, நடத்தை எப்படி என்று அதில் கேள்விகள் இருக்கும். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிவிட்டால் வேலைக்கும் ஆகும், வங்கிக்கும் ஆகும். வெளிநாடு போவதென்றால் பொலிஸ் சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தை போன்ற இடத்தில் தொடர்மாடிகளாகவே நிறைந்த ஒரு பிரிவுக்குள் இருக்கிற சனத்தில் எத்தனை பேரின் முகம் அந்தக் கிராம சேவகருக்குத் தெரிந்திருக்கும்? வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா, தண்ணி பில் யார் பெயரில் வருகிறது என்று பார்ப்பார். எதிராக ஒன்றும் இல்லையென்றால் நல்ல நடத்தை என்று எழுதுவார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. வேறு என்னதான் செய்ய முடியும்?

அந்தப் படிவத்தின் புத்தி நமக்குள்ளும் வந்துவிட்டது என்பதுதான் என் கவலை. ஒருவரைப் பற்றித் தப்பாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் போதும், நல்ல மனிதர் என்று எழுதிவிடுகிறோம். திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறார், பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், யாரிடமும் கடன் பாக்கி இல்லை. பேர் நல்ல பேர், ஆகவே ஆளும் நல்ல ஆள். பேரும் ஆளும் ஒத்துப்போகும் இடங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரேயடியாகப் பிரிந்து நிற்பதையும் என் தொழிலில் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படிப் பிரியும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கேள்வி வரும். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணக்குப் பார்க்கிறவன். ஓடிட், அதாவது கணக்காய்வு, படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளின் மேல்மாடிகளில்தான் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அங்கே நாலாம் குறுக்குத் தெருவில் நல்ல பேர் என்றால் செக் திரும்பாதவர் என்று அர்த்தம். பருப்பும் சீனியும் வெங்காயமும் அங்கே அனேகமாகக் கைக்காசில் வாங்குவதில்லை. முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் தள்ளித் திகதி போட்ட செக்கில் லொறி ஏறும். அந்தச் செக் வங்கியில் திரும்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த லொறி ஏறாது. அதனால் முதலாளிமார் எதை விட்டாலும் செக்கை விடமாட்டார்கள்; வீட்டு நகையை அடகு வைத்தாவது காசு போட்டுவிடுவார்கள். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து, வாய் வார்த்தையில், கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிற ஒரு சந்தை இந்தப் பேரை நம்பித்தான் நிற்கிறது.

ஆனால் தெருவின் கண் போகாத இடம் ஒன்று ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது. ஈபிஎப் என்கிற ஊழியர் சேமலாப நிதியைத்தான் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டி, முதலாளி தன் பங்காக 12 வீதத்தைப் போட்டு, அடுத்த மாதம் முடிவதற்குள் நிதிக்கு அனுப்ப வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும். அனுப்பாவிட்டால் எந்தச் செக்கும் திரும்பாது, எந்த லொறியும் நிற்காது. தொழிலாளிக்கே தெரியாமல் வருடக் கணக்கில் ஓடலாம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்று வயது வந்து காசை எடுக்கப் போகும்போதோ, வீட்டுக் கடனுக்காக நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும்போதோதான் தெரியவரும். புறக்கோட்டையில் ஒரு முதலாளி எப்படிப்பட்டவர் என்று அறிய எனக்கு அவருடைய செக் புத்தகம் தேவையில்லை. சேமலாப நிதிப் பற்றுச்சீட்டுகள் இருக்கிற கோப்பைக் காட்டினால் போதும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு கடைக்கு அனுப்பப்பட்டேன். முதலாளிக்குத் தங்கமான பேர். கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்தவர்களின் பெயர்களை வெட்டிய பளிங்குக் கல்லில் அவர் பெயர் மேலே இருந்தது. அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி போகும். கடையில் வேலை செய்த பெடியன்கள் அனேகமாக ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள். சம்பளச் சிட்டைகளில் மாதாமாதம் 8 வீதம் ஒழுங்காக வெட்டியிருந்தது. நிதிக்குப் போனதற்கான பற்றுச்சீட்டுகள் மட்டும் ஒரு கட்டத்தோடு நின்றுபோயிருந்தன.

அந்தக் கடையின் கணக்கப்பிள்ளை அறுபதை நெருங்கிய மனிதர். சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனைகள். ஒவ்வொரு மாதத்துக்கும் நிதிக்கு அனுப்ப வேண்டிய சி படிவத்தை அவர் நிரப்பியே வைத்திருந்தார். அங்கத்தவர் இலக்கம், பெயர், சம்பளம், தொழிலாளியின் பங்கு, முதலாளியின் பங்கு எல்லாம் அச்சடித்த மாதிரி எழுத்தில். ஒவ்வொரு படிவத்தோடும் ஒரு செக் குண்டூசியால் குத்தியிருந்தது. ஒன்றிலும் முதலாளியின் கையெழுத்து இல்லை. பேரேட்டில் மாத முடிவுதோறும் அந்தத் தொகையைச் செலுத்த வேண்டியது என்று சிவப்பில் எழுதி, கூட்டி, அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

ஓடிட் முடிகிற நேரம் முதலாளி மேல்மாடிக்கு வந்தார். மிரட்டுகிற குரல் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"கணக்கப்பிள்ளை, உதைக் கட்டினதாய் மாத்தி எழுதுங்கோ. வாற மாசம் கட்டத்தானே போறம்."

"கட்டின பிறகு எழுதுறன் முதலாளி."

"வங்கியில லோன் கேட்டிருக்கிறன். உது ரிப்போட்டில வந்தால் கடைப் பேர் என்னாகும்? யோசிச்சுப் பாருங்கோ."

"கடைக் காசெண்டால் பிந்தினால் பிந்தட்டும். இது பெடியளின்ர சம்பளத்தில வெட்டின காசு. என்ர கையால கட்டினதெண்டு எழுதேலாது."

முதலாளி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார். கணக்கப்பிள்ளை சிவப்புப் பேனையை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வவுச்சர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். போகுமுன் பழைய பில் புத்தகங்களின் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு கணக்கு எழுதினார். அங்கத்தவர் இலக்கம், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, சம்பளத்தில் வெட்டியது எவ்வளவு, முதலாளி போட வேண்டியது எவ்வளவு. கீழே தன் கையெழுத்தும் திகதியும். "மடிச்சு அடையாள அட்டையோட வையுங்கோ தம்பிமார், துலைச்சுப் போடாதேங்கோ" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

பிறகு தெருவில் உலாவிய கதை வேறு. கணக்கப்பிள்ளை கை வைத்தாராம், பிடிபட்டுப் போனாராம். முதலாளி அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. யாராவது கேட்டால் "அதை விடுங்கோ, பாவம்" என்பார். அதுவே போதுமாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலாம் குறுக்குத் தெருவில் அதற்குப் பிறகு அவரை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை. மகளுக்குப் பேசி வந்த சம்பந்தம் ஒன்றும் விசாரித்த இடத்தில் இந்தக் கதையைக் கேட்டுக் குழம்பிப்போனது. கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தபடி சில்லறைக் கடைகளுக்கும் ஒரு பேக்கரிக்கும் கணக்கு எழுதினார்.

அவரைப் பார்க்கப் போனபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, நடந்ததை ரெண்டு பேரிட்டச் சொல்லியிருந்தால் போதுமே. தெரு முழுக்கப் போயிருக்கும்."

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பேர் அவையளிட்ட இருக்கு தம்பி. வைச்சிருக்கிறதோ எறியிறதோ அவையளின்ர விருப்பம். கையெழுத்து என்னட்ட இருக்கு."

இதை அவர் வீம்பாகச் சொல்லவில்லை. பேர் போனது அவருக்கு வலிக்கவில்லை என்றும் இல்லை. மகளின் விஷயத்தைச் சொன்னபோது குரல் தழுதழுத்ததை நான் கேட்டேன். ஆனாலும் எது தன் பொறுப்பு, எது தன் பொறுப்பில்லை என்பதில் மனிதருக்குக் குழப்பமே இருக்கவில்லை. அந்தத் துண்டுகளை வைத்திருந்த சிலர் பின்னாளில் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போனார்கள். மாதம் மாதமாக, தொகை தொகையாகக் கையில் கணக்கு இருந்ததால் முதலாளியால் மறுக்க முடியவில்லை. காசு தவணையாக வந்தது. பளிங்குக் கல் இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது. கணக்கப்பிள்ளையின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பேர் எதற்கு என்று தட்டிக் கழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. யார் என்ன சொன்னால் எனக்கென்ன என்கிறவர்களில் பலர், தங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்வதில் உண்மை இருக்குமோ என்று பார்க்கவும் மறுக்கிறவர்கள். அது துணிவென்று நான் நினைக்கவில்லை. அதோடு கொழும்பில் தமிழராக யுத்த காலத்தைக் கடந்தவர்களுக்குப் பேரின் பெறுமதி நன்றாகத் தெரியும். யார் வீட்டில் தங்கியிருக்கிறாய், பொலிஸில் பதிந்தாயா, உன்னைத் தெரிந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு ஒரு கடிதம் பதில் சொன்னால் இரவு வீட்டில் படுக்கலாம். கடிதம் இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்தில். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களை, இங்கே இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று எல்லா வகையினரும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த பஸ்களில் ஏற்றப்பட்ட ஒருவரின் நடத்தையையும் யாரும் விசாரிக்கவில்லை. பிறப்பால் ஒட்டிய பேர் ஒன்றே காரணமாக இருந்தது. பேர் நம்மை எத்தனை தூரம் நசுக்க முடியும் என்று கண்ட ஒரு சமூகம் பேருக்குப் பயப்படுவதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அதே அனுபவம் நமக்கு இன்னொன்றையும் கற்றுத் தந்திருக்க வேண்டும். ஊரே சேர்ந்து ஒருவருக்கு வைக்கும் பேர் முழுப் பொய்யாகவும் இருக்கலாம் என்பதை நம்மை விட நன்றாக அறிந்தவர்கள் யார்?

அம்மா 1983இல் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் இருந்தா. ஜூலை 24 இரவு பொரளை கனத்தை மயானத்தடியில் தொடங்கிய வன்முறை மறுநாள் அவர்கள் பக்கம் வந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா அம்மாவையும் அம்மம்மாவையும் மாமாவையும் தன் குசினிக்குப் பின்னாலுள்ள அறையில் விட்டுப் பூட்டிவிட்டு, கேற்றடியில் போய் நின்றா. இங்கே தமிழர் யாரும் இல்லை என்று வந்தவர்களிடம் சொன்னா. சும்மா ஒரு சொல்லோடு அது முடியவில்லை. உள்ளே வந்து பார்க்கவா என்று கேட்டவனிடம், உன் அம்மாவின் வயதுள்ள பெண்ணின் வீட்டுக்குள் காலடி வைக்கப் போகிறாயா என்று கேட்டாவாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து அம்மாவுக்கு அது கேட்டது. பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அதன் பிறகு லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறை.

அம்மா பல வருடங்கள் கழித்துக் கொழும்புக்குத் திரும்பி நோனாவைத் தேடிப் போனபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. அந்தக் கிழமைக்குப் பிறகு ஒழுங்கையில் சில வீட்டார் நோனாவோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். கணவரின் ஆண்டுத் தானத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லை. புலிக்காரி என்று சுவரில் கரியால் எழுதியிருந்தார்களாம். சொந்த ஆட்களுக்குள் அவவின் பேர் கெட்டது. நோனா சொன்னது பொய்தான், சந்தேகமில்லை. ஆனாலும் நேர்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கேற்றடியில் நின்று சொன்ன அந்தப் பொய். வாயிலிருந்து வருகிற வசனம் சரியா பிழையா என்பதோடு நேர்மை முடிந்துவிடுவதில்லை. எல்லாரும் ஒரு பக்கம் ஓடும்போது இந்த மனிதர் எங்கே நிற்பார் என்பதும் அதற்குள் அடங்கும்.

பேரைக் காப்பாற்றப் போய் நாம் செய்கிற கெடுதலைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. ஒரு ரியூஷன் வாத்தியார். பேர் பெற்றவர், இடம் கிடைக்காத வகுப்பு. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வீட்டுக்கு வந்து அவர் நடந்துகொண்ட விதத்தை அழுதழுது சொல்லியது. தகப்பன் அன்றிரவே பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தினார். தாய், "வெளியில மூச்சு விடாதே, நாளைக்கு உன்ர பேர்தான் கெடும்" என்றா. பிள்ளையின் மேலுள்ள பாசத்தில்தான் சொன்னா என்பதை நான் நம்புகிறேன். ஆனால் குடும்பத்தின் பேரும் வாத்தியாரின் பேரும் அந்த ஒரே வசனத்தில் ஒன்றாகக் காப்பாற்றப்பட்டன. அடுத்த தவணைக்கும் அவருடைய வகுப்பு நிறைந்திருந்தது. இதை எழுதும்போது கை நடுங்குகிற அளவுக்கு எனக்குக் கோபம் வருகிறது. நாலு பேர் என்ன சொல்லுவினம் என்ற கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பாலோடு ஊட்டி வளர்க்கிறோம். அவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டிய நாளில் அந்தக் கேள்விதான் அவர்களுடைய வாயை அடைக்கிறது.

செட்டியார் தெருவில் கடைகளின் கண்ணாடி வெளிச்சத்துக்குப் பின்னால் ஒடுங்கிய படிகளில் ஏறினால் நகைப் பட்டறைகள். அங்கே ஒரு பத்தர் இருக்கிறார். அவருடைய கணக்கை நான் பார்க்கிறேன். அவரைக் கேட்டு, ஆளைக் காட்டிக் கொடுக்காமல் எழுதுகிறேன். தாலிக்கொடி செய்வதில் கைதேர்ந்தவர். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். கொடியின் ஒவ்வொரு கண்ணியையும் மூட்டுகிற இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்க வேண்டும். பொடியில் தங்கத்தின் பங்கு குறைவு. கொஞ்சம் தாராளமாக வைத்தால் கொடியின் நிறை ஏறும், உள்ளேயிருக்கிற தங்கம் குறையும். உரைகல்லில் மேற்பக்கத்தை உரைத்துப் பார்த்தால் அது தெரியாது. அழித்து உருக்குகிற அன்றுதான் தெரியும். தாலிக்கொடியை யார் சும்மா அழிக்கிறார்கள்? அது அழிபடும் நேரத்தில் செய்தவர் உயிரோடு இருப்பாரோ என்னவோ.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பொடி வைக்கும் நேரம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கண்ணிக்குக் கிட்டக் கொண்டுபோவார். ஈரத் தூரிகை நுனியில் எள்ளிலும் சின்னதாக எடுத்து, கூடினதாகப் பட்டால் நுனியை விரலில் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார். சுவாலையை ஒரு கணம் காட்டுவார். பொடி மினுங்கி ஓடி மூட்டுக்குள் போனதும் விலக்கிவிடுவார். ஒரு கொடியில் இப்படி எத்தனை மூட்டுகள்! ஒவ்வொன்றிலும் அதே எள்ளளவு. கொடி செய்விக்கிறவர்கள் யாரும் அருகில் நின்று பார்ப்பதில்லை.

2022 மாசியில் கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்கிற ஒரு அக்கா மகளின் கலியாணத்துக்கு அவரிடம் கொடிக்குச் சொல்லியிருந்தா. சீட்டு எடுத்த காசில் அச்சாரம் கொடுத்தா. பவுண் இன்ன விலை என்று வாயால் பேசிக்கொண்டார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைத் தளரவிட்டது. 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பவுண் விலையும் கூடவே ஏறியது. பத்தர் அதற்குள் அந்தக் கொடிக்கான தங்கத்தை முழுதாக வாங்கி முடித்திருக்கவில்லை. 13 மணித்தியால மின்வெட்டு, காஸ் இல்லை, பட்டறை பாதி நாள் மூடியிருந்தது.

கொடியை எடுக்க வந்த அக்கா கடன்பட்டுக் கொஞ்சக் காசு கூடவே கொண்டுவந்திருந்தா. விலை ஏறியது ஊருக்கே தெரிந்த விஷயம். மேலே எவ்வளவு தர வேண்டும் என்று தானாகவே கேட்டா.

"மாசியில சொன்ன விலைதான் பிள்ளை."

"ஐயோ அண்ணை, உங்களுக்கு நட்டமெல்லோ."

"சொன்னது சொன்னதுதானே. ஆனால் வெளியில சொல்லிப் போடாதேங்கோ."

இந்தக் கடைசி வசனம்தான் எனக்கு முக்கியம். வெளியே தெரிந்திருந்தால் பத்தருக்குச் செட்டியார் தெருவில் பெரிய பேர் வந்திருக்கும். அவருக்கு அது தேவைப்படவில்லை. மற்றவர்கள் எங்களுக்கும் பழைய விலைக்குத் தா என்று வந்து நிற்பார்கள், பக்கத்துக் கடைக்காரர் கோபிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. கூடக் கேட்டிருந்தால் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் கூடக் கேட்ட பத்தர்மாரை நான் அநியாயக்காரர் என்று சொல்லமாட்டேன். அவர்களும் பிழைக்க வேண்டும், நாடே கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரலில் கைவிரித்திருந்த நேரம். ஆனால் இந்த ஒரு மனிதர் தன் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டார், அதை யாரும் அறியாமல் பார்த்துக்கொண்டார். வருட முடிவில் அந்தக் கொடிக்கு வாங்கிய தங்கத்தின் சிட்டைகளைக் கூட்டியபோதுதான் எனக்கே விஷயம் பிடிபட்டது.

அவருடைய மனைவிக்கு இதில் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மின்வெட்டு இருட்டில் பிள்ளைகளுக்குப் பால்மா தேடி வரிசையில் நின்றது அவவா, இவரா? கைநட்டத்தை ஒருவர் தன்னந்தனியாக ஏற்பதில்லை. வீட்டில் எல்லாருடைய தட்டிலும் அது குறைகிறது. நேர்மையாளர்களைப் புகழ்ந்து பேசும்போது நாம் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். கணக்கப்பிள்ளையின் மகளும் பத்தரின் மனைவியும் தாங்கள் எடுக்காத முடிவுக்கு விலை கொடுத்தவர்கள். அதற்கு என்னிடம் சுகமான பதில் கிடையாது. அதனால் நேர்மை வேண்டாம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சுமையில் மற்றவர்களும் ஒரு பங்கைத் தூக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. கணக்கப்பிள்ளை வேலையை விட்ட நாளில் அவரை எடுக்க ஒரு கடையாவது முன்வந்திருக்க வேண்டும். விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது ஆளிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

சித்தி ஒரு மாப்பிள்ளை விஷயமாக அண்மையில் என்னிடம் வந்தா. பெடியன் கிராண்ட்பாஸ் பக்கம் இரும்புச் சாமான் வியாபாரம். "எல்லாரும் நல்ல பேர் எண்டுதான் சொல்லினம். உனக்குக் கடைக்காரர் எல்லாரையும் தெரியுந்தானே, நீ என்ன சொல்லுறாய்?"

யாரிடம் கேட்டீர்கள் என்று கேட்டேன். கோயில் தலைவரிடம், பெடியன் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம், வங்கி மனேஜரிடம். மூவரும் அவனுக்கு மேலே இருக்கிறவர்கள். மேலே இருப்பவரிடம் யாரும் பணிவாகத்தான் நடப்பார்கள். அவனுடைய ஸ்டோரில் சாமான் இறக்குகிறவர்களிடம் கேளுங்கோ என்றேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடை பூட்டிக் கிடந்த மாதங்களில் சம்பளம் கொடுத்தானா? சேமலாப நிதி போகிறதா? வேலையை விட்டுப் போன ஒருவரைப் பற்றி அவன் என்ன பேசுகிறான், போனவர் அவனைப் பற்றி என்ன பேசுகிறார்?

"இதையெல்லாம் போய்க் கேக்கிறதோ? வெக்கக்கேடு. ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அவனிடம் வேலை செய்து விட்டுப் போன லொறி டிரைவர் ஒருவரை எனக்குத் தெரியும். இலக்கத்தைக் கொடுத்தேன். சித்தி தயங்கித் தயங்கி என் முன்னாலேயே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டா. டிரைவர் நிறையக் குறை சொன்னார். கோபக்காரன், நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்குவான், அதனால்தான் சண்டை பிடித்துக்கொண்டு போனாராம். சித்தியின் முகம் மாறியது. கடைசிச் சம்பளம் தந்தானா என்று கேட்கச் சொன்னேன்.

"அது தந்தாரும்மா. நான் கோவத்துல சொல்லாம கொள்ளாம வந்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே வீடு தேடி வந்து, பாதி மாசத்துக் கணக்கையும் ஈபிஎப் பேப்பரையும் கையில குடுத்துட்டுப் போனாரு. ஒரு வார்த்தை ஏசல."

சித்தி இன்னும் கொஞ்ச நேரம் பேசினா. கோபத்தைப் பற்றி விவரமாகக் கேட்டா, கை நீட்டுவானா என்று கேட்டா, டிரைவரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்றும் கேட்டா. வைத்துவிட்டு, ஸ்டோரில் இப்போது வேலை செய்கிற யாருடைய இலக்கமாவது கிடைக்குமா என்று என்னைப் பார்த்தா.